செருப்பைக் கையில் ஏந்தும் வழி

மதிப்பீட்டாளர் அந்தக் குடியிருப்புக்குள் மூன்று கருவிகளோடு நுழைந்தார். முதலாவது, நீண்ட கைப்பிடியின் அடியில் பொருத்தப்பட்ட அளவுச் சக்கரம். அது மீட்டருக்கு ஒரு முறை 'டிக்' என்று சொல்லும். இரண்டாவது, இரண்டு லிட்டர் கொள்ளும் தகரக் குவளை. அதிலுள்ள நீரை மண்ணில் ஊற்றி, நிலம் அதை எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்று அவர் பார்ப்பார். மூன்றாவது, நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட மதிப்பீட்டுக் கையேடு. இம்மூன்றும் இருந்தால், ஒரு குடியிருப்பு இன்னும் ஐம்பது ஆண்டுகள் நலமாக வாழுமா என்பதைச் சொல்லிவிடலாம் என்பது அலுவலகத்தின் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கையும் ஏறத்தாழ அதுவே.

அலுவலகத்தில் அவரைச் 'சக்கரம்' என்று அழைப்பார்கள். குடியிருப்பில் முதல் நாள் மாலைக்குள்ளாகவே அவர் 'சக்கரத்தம்மா' ஆகிவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மேலிருந்து நோக்கினால் அக்குடியிருப்பு, முதுகால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு படுத்திருக்கும் இரண்டு பிறைகளைப் போன்றது. ஒன்று மேற்பிறைத் தெரு, மற்றது கீழ்ப்பிறைத் தெரு. மேற்பிறையில் எழுபது வீடுகள். பேருந்து நிறுத்தமோ கீழ்ப்பிறையில். ஒரு தெருவிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால் பிறையின் நுனிவரை நடந்து, வளைந்து, மீண்டும் அதே அளவு திரும்பி வர வேண்டும். இதை வரைந்தவர் அழகை நினைத்தார். பேருந்தைப் பிடிக்க ஓடும் கால்களை மட்டும் நினைக்கத் தவறிவிட்டார்.

மற்ற வகைகளில் குறை சொல்வதற்கில்லை. நண்பகலிலும் மேற்பிறையில் நூறு அடிக்கு எண்பத்திரண்டு அடி நிழலிலேயே விழுந்தது. குவளை நீரை மண் நாற்பது விநாடிகளில் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்பதுபோல் கருமையாகப் பார்த்தது. காற்று வளைவைப் பிடித்துக்கொண்டு தெருமுழுதும் வழுக்கிச் சென்றது. ஆயினும், மிகத் தொலைவான வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை சக்கரம் ஆயிரத்து நாற்பது முறை 'டிக்' என்றது. நடக்கும் நேரம் பதின்மூன்று நிமிடம். கையேடு அனுமதிப்பதோ ஐந்து. அந்த ஒரு பிரிவுக்குரிய ஆறு மதிப்பெண்களும் போயின. மொத்தம் ஐம்பத்தாறு.

அறுபது வேண்டும். அறுபதுக்குக் கீழே நின்றால் குடியிருப்பைத் 'திருத்தி அமைப்பார்கள்'. திருத்தம் என்னவென்பது ஏற்கெனவே வரையப்பட்டு அலுவலக அலமாரியில் சுருண்டு கிடந்தது: இரண்டு பிறைகளும் தொடும் இடத்தில் எட்டு வீடுகளை இடித்து நேராக ஓர் இணைப்புச் சாலை. எட்டில் முதல் வீடு, தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணியுடையது.

இந்த நிலையில்தான் மதிப்பீட்டாளர் தம் கண்களைச் சந்தேகிக்க நேர்ந்தது.

மேற்பிறையின் கடைசி வீட்டில் பூட்டுகள் செய்யும் ஒருவர் இருந்தார். ஊருக்கே அவர் பூட்டு மாமா. அன்று காலை அவர் மதிப்பீட்டாளருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மஞ்சள் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளர் அவருக்கு முன்பே கிளம்பி, சக்கரத்தை உருட்டிக்கொண்டு, வளைவெல்லாம் சுற்றி, வியர்த்து, பேருந்து நிறுத்தத்தை அடைந்தார். அங்கே பூட்டு மாமா பெஞ்சில் அமர்ந்து செய்தித்தாளின் நான்காம் பக்கத்தில் இருந்தார்.

"என்ன சக்கரத்தம்மா, ஊர்வலம் முடிஞ்சுதா?"

"நீங்க எப்படி எனக்கு முன்னாடி வந்தீங்க?"

"நடந்துதாங்க வந்தேன். பறக்கத் தெரிஞ்சா பஸ்ஸுக்கு எதுக்குக் காத்திருக்கேன்?"

அவர் மட்டுமல்லர். மேற்பிறையின் நடுவளைவில் கண்ட குடைக்காரப் பெண் சிறிது நேரத்தில் கீழ்ப்பிறையில் தோன்றினாள். ஒரு தகப்பன் தோளில் குழந்தையோடு மேலே மறைந்து கீழே முளைத்தான். வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று அவர் ஐயுற்றார். மறுநாள் பிற்பகல், சக்கரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓசைப்படாமல் குடைக்காரியின் பின்னே நடந்தார்.

நடுவளைவில் ஒரு வீட்டின் கதவு விரியத் திறந்திருந்தது. குடைக்காரி வாசலில் நின்று, குடையை மடக்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக்குள் நுழைவது போல உள்ளே போனாள். மதிப்பீட்டாளரும் செருப்பைக் கழற்றாமலே பின்தொடர்ந்தார்.

உள்ளே வேறொரு பொழுது நடந்துகொண்டிருந்தது. உத்தரத்திலிருந்து குறுக்கும் நெடுக்குமாகக் கொடிகள். கொடிகளில் தைத்து முடிந்தவை, தைக்க வேண்டியவை, பிரித்துத் தைக்க வேண்டியவை. நீலம், வெளிர்மஞ்சள், பாசிப்பச்சை எனத் துணிகளை ஊடுருவி இறங்கிய வெயில் நிறம் மாறித் தரையில் தேங்கியிருந்தது. குளத்தின் அடியில் நின்று மேலே பார்ப்பது போல இருந்தது அவருக்கு. துணிகளின் இடையே மனிதர்கள் மீன்களைப் போல வந்தார்கள். தலை குனிந்து, தோள் திருப்பி, ஒரு நீலத்தை விலக்கி ஒரு மஞ்சளுக்குள் புகுந்து, எதிர்ப்பக்கத்துக் கதவின் வெளிச்சத்தில் கரைந்து போனார்கள். எல்லார் கையிலும் செருப்பு. ஒருவரும் பேசவில்லை. ஏனெனில், திரை தொங்கிய பக்க அறையில் தையற்காரியின் கணவர் உறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அவருடைய மூச்சு, திரையை மெல்ல ஊதி மெல்ல இழுத்தது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். கடந்து சென்றவர்களில் ஒருவர் கீழே விழுந்திருந்த நூற்கண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒருத்தி சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக மூடினாள். ஒரு கிழவர் நழுவிய சட்டையொன்றைக் கொடியில் சரிசெய்தார். யாரும் நிற்கவில்லை, யாரும் சும்மாவும் போகவில்லை.

ஆட்களை எண்ணுவதற்காக மதிப்பீட்டாளர் சுவரோரம் அமர்ந்தார். மெஷின் தடதடத்து ஓய்ந்து மீண்டும் தடதடத்தது. பதினெட்டு, பத்தொன்பது... சக்கரம் தானாக உருண்டு வீடு வீடாக நுழைந்து போவதையும், எந்த வீட்டிலும் அது 'டிக்' என்று சொல்லாததையும் அவர் கண்டார். அது கனவென்று கனவிலேயே தெரிந்தது. எனினும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

கண் விழித்தபோது தலைக்கடியில் ஒரு துணிப்பொதி இருந்தது. அவருடைய செருப்புகளை யாரோ கழற்றி, ஒழுங்காக அவர் மடியில் வைத்திருந்தார்கள்.

"எழுந்துட்டீங்களா?" என்றாள் தையற்காரி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாப்பத்தொரு பேர் உங்களைத் தாண்டிப் போனாங்க. ஒருத்தர் மிதிக்கல பாருங்க."

"நான் தூங்கலங்க. எண்ணிக்கிட்டிருந்தேன்."

"ஆமாமா. எண்ணிக்கை குறட்டை விட்டுச்சு. உள்ள இருக்கறவரே எழுந்து, 'யாருடி எனக்குப் போட்டியா?'ன்னு கேட்டுட்டுத் திரும்பப் படுத்துட்டாரு."

மதிப்பீட்டாளருக்குக் காது சிவந்தது. பேச்சை மாற்றுவதற்காக, எத்தனை நாளாக இப்படி என்று வினவினார்.

"முன்பக்கம் கடை வைக்கலாம்னு ரெண்டு பக்கமும் கதவு வச்சுக் கட்டினாங்க. ஒரு மழைநாள், பூட்டு மாமா பொண்ணுக்குப் பரீட்சை. பஸ் போயிடும்னு அழுதுக்கிட்டே நின்னா. உள்ள வந்து அந்தப் பக்கமா ஓடுடின்னேன். மறுநாள் அவ அப்பன் வந்தான். அதுக்கு மறுநாள் ஊரே வந்துச்சு. பதினோரு வருஷமாச்சு."

"உங்களுக்குத் தொந்தரவா இல்லையா?"

"தனியா உக்காந்து பட்டனுக்குக் காஜா எடுத்துப் பாருங்க, அப்பத் தெரியும் எது தொந்தரவுன்னு."

மதிப்பீட்டாளர் கையேட்டைத் திறந்தார். இவ்வீட்டின் வழியே முந்நூற்றைம்பது மீட்டர், நாலரை நிமிடம். ஆறு மதிப்பெண்களும் இங்கே, இந்த இரண்டு கதவுகளுக்கு இடையில் கிடந்தன. அவர் மகிழ்ச்சியோடு வரைபடத்தை விரித்துப் பென்சிலைக் கூர்பார்த்தார். மெஷின் நின்றது.

"கோடு போடப் போறீங்களா? போட்டா என்னாகும்?"

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "பொதுவழின்னு பதிவாகும். பொதுவழியில கதவு இருக்கக் கூடாது. பகலும் ராத்திரியும் தொறந்தே கிடக்கணும்."

"போடலன்னா?"

"சாலை வரும். வீடே போயிடும்."

தையற்காரி நூல் சுற்றிய பாபினை விரலில் உருட்டினாள். திரை ஊதியது, இழுத்தது.

"இங்க பாருங்க. இந்தக் கதவ நான் தினமும் தொறக்கறேன். மூடணும்னா மூடலாம்னு இருக்கறதாலதான் தொறக்கறேன். மூடவே முடியாதுன்னா அது வீடில்ல, சந்து. சந்துல என் புருஷன் எப்படிங்க தூங்குவாரு? கோடு மட்டும் வேணாம். நீங்களா வாயத் தொறந்து யார்கிட்டயும் சொல்லவும் வேணாம். சத்தியம் பண்ணுங்க."

மதிப்பீட்டாளர் சத்தியம் செய்துவிட்டார். செய்த பிறகுதான், இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளியில் படித்ததன் பொருள் அவருக்கு முழுமையாக விளங்கிற்று.

அன்றிரவு கையேட்டை அவர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில், எல்லாரும் படிக்காமல் தாண்டும் சிற்றெழுத்தில் இவ்வாறு இருந்தது: தொலைவை வரைபடத்திலிருந்து கணிக்கலாம், அல்லது குடியிருப்பினர் வழக்கமாக நடக்கும் நேரத்தை அவர்களோடு நடந்து குறிக்கலாம். அலுவலகத்தில் யாரும் இரண்டாவதைச் செய்வதில்லை, வரைபடம் வியர்ப்பதில்லை என்பதால். அவர் பத்துப் பேரோடு நடந்தார். நேரத்தை மட்டும் எழுதினார். 'வழி' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். மொத்தம் அறுபத்திரண்டு ஆயிற்று.

அறிக்கை மேலாய்வாளரிடம் போனது. அறிக்கைகளில் கால்புள்ளி விடுபட்டாலும் திருப்பி அனுப்புவதால் அவருக்கு அலுவலகம் இட்ட பெயர் 'கால்புள்ளி'.

"நாலரை நிமிஷமா?" என்றார் கால்புள்ளி. "ஆயிரத்து நாப்பது மீட்டர். அங்க இருக்கறதெல்லாம் மனுஷங்களா, மானா?"

"நடந்து பாத்தேங்க, சார்."

"எந்த வழியா?"

மதிப்பீட்டாளர் கையேட்டின் தொண்ணூற்றொன்றாம் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். மேலாய்வாளர் அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரி. வியாழக்கிழமை நானே வரேன். விதி தெரியுமில்ல? குடியிருப்பினர் நடக்கற மாதிரி நான் நடப்பேன். என் நேரம்தான் கடைசி. அளந்தவங்க வழிகாட்டக் கூடாது. கண் ஜாடைகூடக் கூடாது."

வியாழக்கிழமை காலை மதிப்பீட்டாளருக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது: வழிகாட்ட வேண்டிய தேவையே இல்லை, அவர்கள் தினமும் நடப்பதுபோல் நடந்தால் போதும். ஆனால் அதிகாரி வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்பே ஊருக்குள் நுழைந்திருந்தது. பூட்டு மாமாவின் வீட்டு முன் பத்துப் பேர் சலவை மடிப்பு கலையாத உடையில் நின்றனர். குடைக்காரி பூப்போட்ட குடையொன்றைப் புதிதாக வாங்கியிருந்தாள். பூட்டு மாமா தலையில் எண்ணெய் வழிந்தது.

"கிளம்பலாமா?" என்று மேலாய்வாளர் கைக்கடிகாரத்தை அழுத்தினார்.

கிளம்பினார்கள். நடுவளைவை அடைந்தார்கள். அங்கே கதவு திறந்திருந்தது. வாசல் கழுவி, புதிய கால்மிதி போட்டு, கொடிகளில் துணிகள் நிறம் பார்த்து அடுக்கப்பட்டு, தையற்காரி மெஷினருகே கை கட்டி நின்றிருந்தாள். பத்துப் பேரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள், அதிகாரியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, பெரிய மனிதரை அடுத்தவர் வீட்டின் வழியே செருப்பைத் தூக்கிக்கொண்டு அழைத்துப் போவது மரியாதையா என்ற எண்ணம் எல்லார் முகத்திலும் ஒரே சமயத்தில் ஏறிற்று. பூட்டு மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு நேராகப் போனார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். மரநிழல்களின் ஊடே, கல்யாண ஊர்வலம் போல, அவர்கள் பிறையின் நுனிவரை சென்று சுற்றித் திரும்பினார்கள்.

"பதிமூணு நிமிஷம் பத்து விநாடி," என்றார் மேலாய்வாளர். அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். களத்தில் இருக்கும்வரை பென்சில், களத்தை விட்டு நீங்கியபின் மை: அதுவே அலுவலக முறை. அவர் அதில் வழுவாதவர்.

அவர் மற்றவற்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கையில், மதிப்பீட்டாளர் நடுவளைவு வீட்டுக்கு ஓடினார். தையற்காரி கால்மிதியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஈ காக்கா நுழையல," என்றாள். "பதினோரு வருஷம் செருப்பத் தூக்கிட்டுப் போனவங்களுக்கு இன்னிக்கு என் வீடு கூசுது."

"கூச்சம் இல்லக்கா. மரியாதைன்னு நெனச்சுட்டாங்க."

"அந்த மரியாதைதான் என் வீட்ட இடிக்கப் போகுது."

பூட்டு மாமாவுக்கு விஷயம் விளங்கியபோது, அவர் நெற்றியில் அறைந்துகொண்ட ஓசை தெருமுனை வரை கேட்டது. ஆனால் அளவை முடிந்துவிட்டது. மேலாய்வாளரிடம் சென்று மறுபடி நடங்கள் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. வெள்ளம் வந்தபின் அணை போட்டு என்ன பயன்?

மாலையில் மேலாய்வாளர் பூட்டு மாமாவின் வாசலில் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்தார். நிழலும் காற்றும் தேநீரும் சேர்ந்து அவரை ஏதோ ஒரு பழைய விடுமுறைக்கு அழைத்துச் சென்றிருக்க வேண்டும். கண்கள் பாதி மூடியிருந்தன. திடீரென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயையோ! அஞ்சு பத்துக்கு பஸ். அடுத்தது எப்போ?"

"ஆறரைக்குங்க," என்றாள் குடைக்காரி.

"இப்ப மணி அஞ்சு நாலு! போச்சு! என் பொண்ணு ஸ்டேஷன்ல காத்துக்கிட்டிருப்பா!"

அவ்வளவுதான். அதிகாரி மறைந்து, பேருந்தைத் தவறவிடப்போகும் ஒரு தகப்பன் அங்கே நின்றான். அதிகாரிக்கு என்ன மரியாதை செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. பேருந்தைத் தவறவிடப்போகிறவனுக்கு என்ன செய்வதென்பது அவர்கள் கால்களுக்கே தெரியும்.

"எழுந்திரிங்க சார், அஞ்சு நிமிஷம்கூட வேணாம்!" என்று பூட்டு மாமா அவருடைய பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மேலாய்வாளர் பழக்கத்தினால் கைக்கடிகாரத்தை அழுத்தினார். மதிப்பீட்டாளர் வாயை இறுக மூடிக்கொண்டு பின்னால் ஓடினார்.

நடுவளைவில் கதவு திறந்திருந்தது.

"பூட்ஸ கழட்டுங்க."

"என்னது?"

"கையில எடுத்துக்குங்க. உள்ள மாப்பிள்ளை தூங்கறாரு. சத்தம் போடாதீங்க."

மேலாய்வாளர் குனிந்தார். இரட்டை முடிச்சு. அரை நிமிடம் போனது. பிறகு, காலுறைக் கால்களோடு, நெஞ்சோடு அணைத்த பூட்ஸுகளோடு, அவர் நீலத்துக்குள் நுழைந்தார்.

அங்கே அவர் நடை தானாகவே மெதுவாயிற்று. மாலை வெயில் துணிகளில் பழுத்திருந்தது. எதிரே மூவர், கையில் செருப்புடன், அவருக்குத் தோள் திருப்பி வழிவிட்டு நழுவினர். திரை ஊதியது, இழுத்தது. தரையில் ஒரு பட்டன் கிடந்தது. மேலாய்வாளர், தாம் என்ன செய்கிறோம் என்று அறியாதவராக, அதைக் குனிந்து எடுத்து மெஷின் மேசையில் வைத்தார். தையற்காரி தலையசைத்தாள். அவரும் தலையசைத்தார். மறுகதவின் வெளிச்சம் அவரைக் கீழ்ப்பிறையில் கொண்டுபோய் விட்டது.

பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. அவர் காலுறையோடே ஏறினார். சன்னலோரம் அமர்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார்.

"நாலு நிமிஷம் அம்பது விநாடி," என்றார் சன்னலின் வழியே. "பூட்ஸ் கழட்டினதையும் சேத்து." பிறகு கோப்பைத் திறந்து, பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார். "கடைசி வீட்டுலேர்ந்துதானே கிளம்பினேன்? அப்ப இது செல்லும். ஆனா வழின்னு ஒரு கட்டம் இருக்கே. என்ன எழுதறது?"

பூட்டு மாமா வாயைத் திறந்தார். குடைக்காரி குடையால் அவர் காலில் ஒரு குத்து விட்டாள். மேலாய்வாளர் மடியிலிருந்த பூட்ஸுகளைப் பார்த்தார். தொலைவில், திறந்த கதவருகே கை கட்டி நின்றவளைப் பார்த்தார். பேருந்து நகர்ந்தது.

எட்டாம் நாள் அறிக்கையின் நகல் வந்தது. மொத்தம் அறுபத்திரண்டு. 'வழி' என்ற கட்டத்தில் மையினால், திருத்தமான எழுத்தில், 'குடியிருப்பினரைக் கேட்டு நடந்தேன்' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. வரைபடத்தில் ஒரு கோடும் இல்லை. அலமாரியில் சுருண்டிருந்த இணைப்புச் சாலை, சுருண்டபடியே கிடங்குக்குப் போயிற்று.

செய்தியைத் தாமே சொல்ல வேண்டும் என்று மதிப்பீட்டாளர் அன்றே புறப்பட்டார். மேற்பிறையின் நடுவளைவை அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது. அவர் தட்டுவதற்குக் கையை உயர்த்தினார்.

"தட்டாதீங்க, சக்கரத்தம்மா," என்றார் அவ்வழியே வந்த பூட்டு மாமா, குரலைத் தாழ்த்தி. "நகல் எங்களுக்கும் வந்துடுச்சு. இன்னிக்கு அவருக்கு லீவு. ரெண்டு பேரும் நல்லாத் தூங்கறாங்க. அந்தப் பக்கக் கதவும் சாத்தியாச்சு. பதினோரு வருஷத்துல முதல் தடவையா தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடச் சொல்லிக் கேட்டாங்க. நான்தான் போட்டுக் குடுத்தேன்."

"அப்ப நீங்க பஸ்ஸுக்கு?"

"சுத்திதான். காலு என்ன தேஞ்சா போயிடும்?"

இருவரும் சுற்றி நடந்தார்கள். மதிப்பீட்டாளர் சக்கரத்தைத் தலைகீழாகத் தோளில் சாய்த்துக்கொண்டார். அது ஒரு முறைகூட 'டிக்' என்று சொல்லவில்லை. மரங்கள் தம் நிழல்களை ஒன்றன்பின் ஒன்றாக அவர் மேல் போர்த்தி எடுத்தன. சாத்திய கதவுக்கு எத்தனை மதிப்பெண் என்று கையேட்டில் எங்கும் இல்லை. இருந்திருந்தால் முழுமையாகக் கொடுத்திருக்கலாம் என்று அவர் எண்ணிக்கொண்டே போனார்.

நிறுத்தத்தை அடைந்தபோது பெஞ்சில் இருந்த குடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னங்க?" என்றார் மதிப்பீட்டாளர்.

"ஒண்ணுமில்ல. கதவுதான் சாத்தியிருக்கே!"

அவர் கீழே பார்த்தார். பாதங்கள் வெறுமையாக இருந்தன. நடுவளைவில் கழற்றிய செருப்புகள் வழிமுழுதும் அவர் கையிலேயே வந்திருந்தன.